பதிவுக் கட்டணம் கட்டும் முன்: தன்னார்வலர்கள் நடத்தும் தொழில்நுட்ப மாநாடுகளும் உங்கள் உரிமைகளும்

காரைக்கால் மாவட்டத்து நம் பட்டினச்சேரியிலிருந்து கொச்சிக்குப் போக நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை. காரைக்காலில் எர்ணாகுளம் விரைவு ரயில் ஏறினால் போதும். அந்தக் கொச்சியில் 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை ‘டெப்கான்ஃப்’ நடந்தது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் 2000ஆம் ஆண்டு முதல் நாடு நாடாகக் கூட்டிவரும் மாநாடு அது. இந்தியாவில் நடந்தது அதுவே முதல் தடவை. சாதாரணப் பங்கேற்பாளருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், பயணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கவும் பதிவு விதியில் இடம் இருந்தது.

திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. காரைக்காலில் பாலிடெக்னிக் இருக்கிறது. நம் கரையோரக் குப்பங்களிலிருந்தும் பிள்ளைகள் கணினி படிக்கப் போகிறார்கள். ஆனால் ‘மாநாடு’ என்றதும் “அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்குக் கட்டுப்படியாகாது” என்று விதியைப் படிக்காமலே ஒதுங்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது ஒரு நஷ்டம்.

இன்னொரு நஷ்டம் இதற்கு நேர் எதிரானது. “தேசிய அளவிலான தொழில்நுட்ப மாநாடு. சான்றிதழ் உண்டு. இன்றே கடைசி நாள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. கீழே ஒரு கியூஆர் குறியீடும் கைப்பேசி எண்ணும் மட்டும் இருக்கும். யார் நடத்துகிறார்கள், எங்கே நடக்கிறது, நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எதையும் கேட்காமல் பணம் அனுப்பிவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறவர்கள் உண்டு.

இந்த இரண்டு நஷ்டத்துக்கும் மருந்து ஒன்றுதான். பதிவு விதியைப் படிக்க வேண்டும், புரியாததைக் கேட்க வேண்டும். எதைப் படிப்பது, யாரிடம் கேட்பது, ஏமாந்தால் எங்கே போவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இந்த மாநாடுகளை நடத்துவது யார்?

லாபத்துக்காக நடத்தும் நிறுவனக் கண்காட்சி ஒரு வகை. கல்லூரித் துறைகள் நடத்தும் கருத்தரங்கு இன்னொரு வகை. நாம் இங்கே பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி. ஒரு மென்பொருளையோ மொழியையோ தொழில்நுட்பத்தையோ நேசிக்கிறவர்கள், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் சம்பளம் வாங்காமல் நடத்துகிற கூட்டங்கள் இவை.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரன்டோ என்று பல ஊர்களில் தமிழ் இணைய மாநாடுகளைக் கூட்டியிருக்கிறது. 2012 டிசம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 2014 செப்டம்பரில் நம் புதுச்சேரியிலும் அது நடந்தது. பைத்தான் மொழிக்காரர்களின் ‘பைகான் இந்தியா’ 2009இல் பெங்களூரில் தொடங்கி, 2019 அக்டோபரில் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் தங்கள் ஊரிலேயே ‘மினி டெப்கான்ஃப்’ நடத்தினார்கள். பெருநகரம் அல்லாத ஊரிலும் இது முடியும் என்பதற்கு விழுப்புரமே சாட்சி.

கட்டணம் எதற்கு? எத்தனை விதம்?

யாரும் சம்பளம் வாங்குவதில்லை என்றாலும் அரங்க வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி, இணைய இணைப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதன் பெரும்பகுதியை நிறுவனங்கள் புரவலர்களாக நின்று தருகின்றன. மிச்சம் பங்கேற்பாளர்களின் கட்டணத்திலிருந்து வருகிறது.

பட்டினச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கரை இது. இப்படிப் பொதுக் காரியம் வரும்போது தலைக்கட்டு வரி போடுவதும், வரி கொடுத்தவர் கணக்குக் கேட்பதும் கடலோரக் கிராமங்களில் இருந்துவரும் வழக்கம். தன்னார்வலர் மாநாட்டின் பதிவுக் கட்டணமும் அப்படி ஒரு பொதுச் செலவின் பங்குதான். கொடுக்கும் கடமை எவ்வளவு உண்டோ, கேட்கும் உரிமையும் அவ்வளவு உண்டு.

உலகம் முழுக்கக் கட்டண முறைகள் ஒன்றுபோல இல்லை.

முற்றிலும் இலவசம்: பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஃபாஸ்டெம்’ மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. நேராகப் போய் உட்காரலாம்.

வசதிக்கேற்ற கட்டணம்: டெப்கான்ஃப் மூன்று படிகள் வைத்திருக்கிறது. சாதாரணப் பதிவு இலவசம். தொழில்முறையாளர் என்று பதிந்தால் ஒரு கட்டணம். நிறுவனம் செலவை ஏற்கிறது என்றால் அதைவிடக் கூடுதல் கட்டணம். எந்தப் படி என்பதைத் தேர்ந்தெடுப்பது பதிகிறவரின் மனசாட்சிதான். வேலை பார்க்கும் இடம் பணம் தரும் என்றால் மேல்படியைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். அந்தப் பணம் மாணவர் ஒருவரின் சாப்பாட்டுக்குப் போகும்.

எல்லோருக்கும் கட்டணம்: அமெரிக்காவின் ‘பைகான்’ மாநாட்டில் பேச வருகிறவரும் நடத்துகிறவரும்கூடச் சீட்டு வாங்கியே உள்ளே போகிறார்கள். முடியாதவருக்குத் தனியே நிதியுதவி உண்டு.

குறைந்த கட்டணம்: வேர்ட்பிரஸ் மென்பொருள்காரர்களின் ‘வேர்ட்கேம்ப்’ கூட்டங்களில் சீட்டு விலை எல்லோருக்கும் எட்டும்படி குறைவாகவே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. செலவில் பெரும்பங்கை நிறுவனங்கள் ஏற்கின்றன.

பல மாநாடுகளில் முன்கூட்டியே பதிந்தால் தள்ளுபடி உண்டு. இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தள்ளுபடிக் காலம் அந்த நாட்களில் வந்தால் வீட்டில் பணம் இருக்காது. அதற்காக வட்டிக்கு வாங்க வேண்டாம். நிலைமையைச் சொல்லி அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். மாணவர் கட்டணம், தவணை நீட்டிப்பு, தன்னார்வலராக வேலை செய்தால் கட்டணத் தள்ளுபடி என ஏதாவது ஒரு வழி இருக்கக்கூடும். எழுதிக் கேட்டால், மிஞ்சிப்போனால் இல்லை என்று சொல்வார்கள், அவ்வளவுதான். கேட்காமல் இருந்தால் கிடைக்கக்கூடியதும் கிடைக்காது.

பதிவுப் படிவத்தைப் படிப்பது எப்படி?

முறையான மாநாட்டின் படிவம் நீளமாக இருக்கும். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

வருகிற தேதி, போகிற தேதி: அறையும் சாப்பாடும் இதை வைத்துத்தான் ஏற்பாடாகும். தேதி மாறினால் உடனே திருத்துங்கள். நீங்கள் வராத இரவுக்கும் அறை வாடகை யாரோ ஒருவர் கட்ட வேண்டியிருக்கும்.

உணவு: சைவமா, அசைவமா, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

சட்டை அளவு: பெரும்பாலும் இலவசச் சட்டைக்காகக் கேட்பார்கள். தனிக் கட்டணம் இருந்தால் அருகிலேயே குறித்திருக்க வேண்டும்.

அவசரத் தொடர்பு எண்: அப்பா கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் கைப்பேசி எடுக்காது. கரையில் இருக்கிற ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.

நடத்தை விதிக்கு ஒப்புதல்: டிக் அடிப்பதற்கு முன் படியுங்கள். அது உங்களைக் கட்டுப்படுத்துவது மட்டுமில்லை, உங்களைப் பாதுகாப்பதும் அதுதான்.

படமெடுக்கச் சம்மதம்: உரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் போடுவது இந்த மாநாடுகளின் வழக்கம். உங்கள் முகம் வர வேண்டாம் என்றால் அதைச் சொல்ல இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதிப்படுத்தல்: படிவத்தை அனுப்பியதோடு பதிவு முடிந்துவிடுவதில்லை. பல மாநாடுகளில் குறிப்பிட்ட தேதிக்குள் ‘கட்டாயம் வருகிறேன்’ என்று மறுபடி உறுதி சொல்ல வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உறுதிக் கடிதம் வந்த பிறகே ரயில் சீட்டு எடுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரே பதிவை முன்நின்று செய்வது நல்லது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. உடன் ஒரு பெரியவர் வர வேண்டும் என்று சில மாநாடுகள் விதி வைத்திருப்பதும் உண்டு.

உதவித்தொகை: கேட்பது இரப்பதாகாது

வெட்கத்தால் கைவிட்டுப் போகிற உரிமை இதுதான். உதவித்தொகைக்கென்று தனி நிதி ஒதுக்கியே மாநாட்டைத் திட்டமிடுகிறார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அது வேறொருவருக்குப் போகும்.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் முக்கியம். உதவி ஏன் தேவை? வந்தால் உங்களால் என்ன பயன், நீங்கள் என்ன கற்பீர்கள்? “நான் ஏழை மாணவன், உதவவும்” என்ற ஒற்றை வரி போதாது. “மென்பொருளைத் தமிழாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன், இன்னின்ன பக்கங்கள் முடித்தேன்” என்றோ, “ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன், அதற்கு இந்தப் பயிற்சி வேண்டும்” என்றோ உண்மையை விவரமாக எழுதுங்கள். பெரிய சாதனை எதையும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஈடுபாடு தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பயண உதவி பெரும்பாலும் பிறகே கைக்கு வரும். முதலில் நீங்கள் செலவழித்து, சீட்டையும் ரசீதையும் காட்டி, மாநாடு முடிந்த பின் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ரசீது தொலைந்தால் பணம் வராது. முன்பணமாகத் தர முடியுமா என்று கேட்கத் தடையில்லை. எவ்வளவு தொகை வரை தருவோம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகு செலவில் இறங்குங்கள்.

போகவே முடியவில்லையா? டெப்கான்ஃப் போன்ற மாநாடுகளின் உரைகள் நேரலையாகவும் பிறகு பதிவாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பதிவும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

பணம் கட்டும் நேரத்தில்

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் யூபிஐ திரையில் ஒரு பெயர் தெரியும். ரகசிய எண்ணைப் போடும் முன் அந்தப் பெயரில் கண்ணை வையுங்கள். மாநாட்டை நடத்தும் சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் பெயர் வருகிறதா? சம்பந்தமில்லாத தனியாளின் பெயர் வருகிறதா? சிறு குழுக்கள் சில நேரம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வசூலிப்பது உண்டு. அப்படியென்றால் அதை அவர்கள் அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள்.

“பணம் திரும்ப அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் பாருங்கள்.

1. வாங்கியவர் பெயரும் முகவரியும்.

2. எதற்காக வாங்கினார்கள்: ‘பதிவுக் கட்டணம்’ என்றா, ‘நன்கொடை’ என்றா? நன்கொடை என்று ரசீது தந்துவிட்டால் பிறகு திரும்பக் கேட்பது கடினம். சேவைக்குக் கொடுத்த பணம் கட்டணமாகவே பதிவாக வேண்டும்.

3. ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் 15 எழுத்து கொண்ட ஜிஎஸ்டி எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. சேவைகளைப் பொறுத்தவரை நம் பகுதியில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத அமைப்பு பொதுவாக ஜிஎஸ்டியில் பதியத் தேவையில்லை. பதியாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை.

4. ரத்து விதி. தனியாக வெளியிட்டிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றப்பட்டாலும் நீங்கள் பணம் கட்டிய நாளில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

சீட்டு விற்கும் செயலிகளிலும் கவனம் தேவை. “இன்னும் 2 இடங்களே” என்று பொய்யாக அவசரப்படுத்துவது, நீங்கள் கேட்காத நன்கொடையைத் தானாகச் சேர்த்துவிடுவது, கடைசித் திரையில் புதிய கட்டணத்தைக் காட்டுவது ஆகியவை எல்லாம் தடைசெய்யப்பட்டவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது.

நிகழ்ச்சி ரத்தானால்?

2020இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடக்க வேண்டிய டெப்கான்ஃப் கொரோனாவால் இணையவழிக்கு மாறியது. பைகான் இந்தியாவும் அந்த ஆண்டு இணையவழியில்தான் நடந்தது. புயலும் வெள்ளமும் பழகிய நமக்கு, குறித்த நாளில் கூட்டம் நடக்காமல் போவது எவ்வளவு எளிது என்று தெரியும்.

மாநாடே நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது பொது விதி. நடக்க முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. நடத்துகிறவர் தன்னார்வலரா, நிறுவனமா என்று அந்தப் பிரிவு வேறுபாடு பார்ப்பதில்லை.

மாநாடு நடந்து, நீங்கள் போகாமல் இருந்தால் கதை வேறு. அப்போது அவர்களின் ரத்து விதிதான் பேசும். இத்தனை நாளுக்கு முன் சொன்னால் முழுப் பணம், அதற்குப் பிறகு பாதி, கடைசி வாரத்தில் ஒன்றுமில்லை என்பது போன்ற விதி நியாயமானதே. உங்களுக்காகச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டார்கள், அறைக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். சீட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அதற்கு வழி உண்டு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தரும் பலத்தையும் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் கட்டியவர் நுகர்வோர். ரசீது தர மறுப்பதும், குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அச்சட்டப்படி முறையற்ற வணிக நடத்தை. ஆனால் இலவசமாகத் தரப்படும் சேவை அச்சட்டத்துக்குள் வராது. இலவச மாநாட்டில் சாப்பாடு சரியில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. அமைப்பாளர்களிடம் சொல்லலாம், அடுத்த முறை சமையல் வேலையில் கைகொடுக்கலாம்.

உங்கள் விவரங்கள் உங்களுடையவை

மாநாட்டுப் பதிவுக்கு ஆதார் நகல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். அடையாளம் காட்டக் கல்லூரி அட்டையே போதுமாக இருக்கும். தங்கும் விடுதிக்காகத் தேவைப்பட்டால் முதல் 8 இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். வங்கிக் கணக்கு விவரம் பயண உதவி பெறும்போது மட்டும் தேவைப்படும். அட்டையின் பின்புற எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நம்பிக் கொடுத்த விவரத்தை இன்னொருவருக்குக் கைமாற்றுவதை நுகர்வோர் சட்டமே முறையற்ற நடத்தை என்கிறது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். புரவலர் நிறுவனங்களுக்கு உங்கள் எண் போகுமா என்பதைப் பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

உங்கள் கவலை நியாயமானது. அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாமல், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா? புகார் கேட்கும் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா? அவர்களின் எண் பொதுவில் தரப்பட்டிருக்கிறதா? தங்குமிடம் தனியாகவா, பகிர்ந்தா? நல்ல மாநாடுகள் இதற்கெல்லாம் கேட்கும் முன்பே பதில் வெளியிட்டிருக்கும்.

தொல்லை நேர்ந்தால் முதலில் அந்தக் குழுவிடம் சொல்லலாம். குற்றம் என்றால் நேரே 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. வேலை தொடர்பாகப் போன இடத்தில் நடந்தது என்றால் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். பொதுவாக 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். உள் குழு இல்லாத இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

உடல் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். கொச்சி மாநாட்டின் நடுவே, 2023 செப்டம்பர் 13 அன்று, ஊர் சுற்றிப் பார்க்கும் நாளில் இளம் டெபியன் பங்களிப்பாளர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். அந்த மாநாட்டுக்கு அது ஆறாத துயரம். “நாங்கள் கடலோரப் பிள்ளைகள், நீந்தத் தெரியும்” என்ற எண்ணம் பழகாத நீரில் காப்பாற்றாது. உயிர்காப்பு மேலாடை இல்லாமல் படகில் ஏறாதீர்கள். சுற்றுலாவுக்குப் பொறுப்பாளர் யார், முதலுதவி எங்கே என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பயணக் காப்பீடு உங்கள் பொறுப்பு என்று விதியில் இருந்தால், போகும் முன்பே அதை எடுத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? படிப்படியாகச் செய்ய வேண்டியவை

மோசடி என்று தெரிந்தால்: ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் அனுமதியே இல்லாமல், வங்கிக்கோ உங்களுக்கோ சம்பந்தமில்லாத குறையால் பணம் போயிருந்தால், 3 வேலை நாளுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு உத்தரவு. நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

உண்மையான மாநாடு, ஆனால் பணம் திரும்பவில்லை என்றால்:

முதல் படி, அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல். பதிவு எண், கட்டிய தேதி, தொகை, கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என ஐந்தே விவரம். மரியாதையாக எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவர் பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் கடிதம் படிக்கும் தன்னார்வலர். பல சிக்கல்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலவில்லாமல் சமரசம் பேசிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மாநாடு கொச்சியில் நடந்திருந்தாலும், பெங்களூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த வசதி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொளி வழியே விசாரணை கேட்கலாம். புதுச்சேரிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் போய்வர வேண்டிய நமக்கு இது பெரிய ஆறுதல். கால வரம்பு 2 ஆண்டு.

சட்டம் புரியவில்லை என்றால் 15100 எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

நடத்துகிறவர்களுக்கு

நாளை காரைக்காலிலேயே இப்படி ஒரு மாநாடு நடக்கலாம், நடக்க வேண்டும். நடத்தப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஐந்து சொல். கட்டணத்தையும் ரத்து விதியையும் முதல் அறிவிப்பிலேயே தமிழில் எழுதுங்கள். தனியாள் கணக்கில் வசூலிக்காமல், பதிவுபெற்ற சங்கத்தின் கணக்கைப் பயன்படுத்துங்கள். கட்ட முடியாதவர் பிறர் அறியாமல் விண்ணப்பிக்க ஒரு வழி வையுங்கள். சக்கர நாற்காலி ஏறக்கூடிய அரங்கைத் தேடுங்கள். முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் வையுங்கள். நல்ல எண்ணத்தோடு நடத்துகிறோம் என்பதால் கணக்கு தேவையில்லை என்று ஆகாது. கணக்குச் சரியாக இருந்தால்தான் அடுத்த ஆண்டும் நம்பிப் பணம் கொடுப்பார்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். அடுத்து ஒரு மாநாட்டு அறிவிப்பு கைக்கு வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள், உடனே ஒதுக்கியும் விடாதீர்கள். நடத்துவது யார், கட்டணம் எதற்கு, ரத்தானால் என்ன, உதவித்தொகை உண்டா என்ற நான்கு கேள்வியையும் எழுதிக் கேளுங்கள். பதில் நேர்மையாக வந்தால் தைரியமாகப் பதிந்து, போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள். பதில் வராத இடத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.